யார்க் நகரின் தேவாலயங்கள்: சின்னதிலிருந்து தொடங்குங்கள்

முதல்முறை இங்கிலாந்தின் யார்க் நகருக்குப் போனபோது அம்மாவையும் அப்பாவையும் அழைத்துப் போயிருந்தேன். ரயிலை விட்டு இறங்கி நேராக யார்க் மின்ஸ்டர் பேராலயத்துக்குள் நுழைந்தோம். இரண்டு மணி நேரம் அண்ணாந்து பார்த்ததில் மூவருக்கும் கழுத்து வலி. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அம்மா கேட்டார்: "இவ்வளவு பெரிய கண்ணாடி, இத்தனை படம். அதுல என்ன கதைப்பா இருக்கு?" எனக்குப் பதில் தெரியவில்லை.

அதன் பிறகு பலமுறை போய்விட்டேன். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று சன்னல்களை மட்டும் குறித்துக்கொண்டு போவேன். அப்படிப் போனதில் புரிந்தது, யார்க்கின் தேவாலயச் சன்னல்களைப் பார்த்தால் போதாது, படிக்க வேண்டும். படித்துப் பழக மின்ஸ்டர் சரியான இடம் அல்ல. அங்கே கண்ணாடி ஏழெட்டு மாடி உயரத்துக்குப் போகிறது. பக்கத்துத் தெருவில் இருக்கும் சின்ன ஆலயத்தில் அதே காலத்துக் கண்ணாடி கிட்டத்தில் நிற்கிறது, முகம் தெரிகிறது, விரல் தெரிகிறது. அங்கே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு மின்ஸ்டருக்குப் போனால் பெரிய சன்னலும் பிடிபடும்.

கீழே இருப்பது ஒரு நாளுக்கான வழி. முதல்முறை போகிறவர்களுக்காக, நடக்கும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

கிளம்புவதற்கு முன்

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து நேர் ரயில் இருக்கிறது, வேகமான வண்டி இரண்டு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடும். லீட்ஸிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. கார் வேண்டாம். மதிலுக்குள் இருக்கும் பழைய நகரம் முழுவதையும் நடந்தே பார்த்துவிடலாம், வண்டி நிறுத்த இடம் தேடுவதுதான் பெரிய வேலையாகிவிடும்.

பையில் கட்டாயம் ஒரு பைனாகுலர் இருக்கட்டும். பறவை பார்க்க வைத்திருக்கும் சாதாரணமானது போதும். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். செல்போன் கேமராவில் இழுத்துப் பார்த்தால் கண்ணாடி வெறும் வெளிச்சத் திட்டாகத்தான் தெரியும். கூடவே ஒரு ஸ்வெட்டர். கோடையிலும் பழைய கல் கட்டடத்துக்குள் குளிர் இருக்கும், அசையாமல் நின்று பார்க்கும்போது அது எலும்பில் ஏறும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஞாயிறு காலை எல்லா இடத்திலும் ஆராதனை நடக்கும், மின்ஸ்டரில் பார்வையாளர்களை மதியத்துக்குப் பிறகுதான் விடுவார்கள். சனிக்கிழமை கூட்டம் அதிகம். வாரநாள் நல்லது. சின்ன ஆலயங்கள் பலவற்றைத் தன்னார்வலர்கள்தான் திறந்து வைக்கிறார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். ஆள் இல்லாத நாளில் கதவு பூட்டியிருக்கும். ஆகவே முந்தின நாள் இரவே அந்தந்த ஆலயத்தின் இணையதளத்தில் நேரத்தைப் பார்த்துவிடுங்கள். வானம் மேகமூட்டமாக இருக்குமே என்று கவலைப்பட வேண்டாம். பளிச்சென்ற வெயிலைவிட, வெளிச்சமான மேகமூட்டத்தில்தான் கண்ணாடியின் நிறங்கள் சீராகத் தெரியும். வெயில் நேராக அடித்தால் கண் கூசும்.

செலவு: மின்ஸ்டருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. ஆராதனைக்குப் போவதற்குக் கட்டணம் இல்லை. சின்ன ஆலயங்கள் இலவசம், வாசலில் காணிக்கைப் பெட்டி இருக்கும். அறுநூறு வருடத்துக் கூரையைப் பராமரிப்பது அந்தக் காசில்தான். ஆளுக்கு இரண்டு மூன்று பவுண்டாவது போட்டுவிட்டு வாருங்கள்.

ஊருக்குள் போகும்முன் இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் வரைபடம் குழப்பும். யார்க்கில் 'கேட்' என்று முடியும் பெயர் ஒரு தெரு. வைக்கிங்குகள் பேசிய மொழியில் தெருவுக்கு அந்தச் சொல். குட்ரம்கேட், மிக்கில்கேட், கேசில்கேட் எல்லாம் தெருக்கள். கோட்டை வாசலுக்கு அங்கே 'பார்' என்று பெயர். பூதம் பார், மங்க் பார் என்றால் மதிலில் இருக்கும் வாசல்கள்.

உள்ளே நடந்துகொள்ளும் முறை

யார் வேண்டுமானாலும் போகலாம். எந்த மதம் என்று எவரும் கேட்க மாட்டார்கள். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. ஆண்கள் தொப்பியை எடுத்துவிடுவது வழக்கம். பிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம், ஆராதனை நடக்கும்போது கூடாது. மெழுகுவர்த்தி ஏற்றும் இடம் இருந்தால் ஏற்றலாம், பக்கத்தில் காசு போடும் துளை இருக்கும். நற்கருணை ஆராதனையில் மாட்டிக்கொண்டீர்கள் என்றால் பதற வேண்டாம். எல்லோரும் அப்பம் வாங்க முன்னால் போகும்போது நீங்கள் இருக்கையிலேயே உட்கார்ந்திருக்கலாம். போக ஆசை இருந்தால் கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு போங்கள், குருவானவர் ஆசீர்வாதம் மட்டும் சொல்லுவார்.

இன்னொன்று. பழைய ஆலயங்களில் பீடம் கிழக்கே இருக்கும். இது தெரிந்தால் எந்தச் சன்னலுக்கு எப்போது வெளிச்சம் வரும் என்று நீங்களே கணக்குப் போடலாம். பீடத்துக்குப் பின்னால் இருக்கும் கிழக்குச் சன்னலைக் காலையில் பாருங்கள், வாசல் பக்கத்து மேற்குச் சன்னலை மாலையில் பாருங்கள். வடக்குச் சன்னலுக்கு நாள் முழுவதும் ஒரே மாதிரி வெளிச்சம்.

முதலில் மதில் மேல் ஏறுங்கள்

ஸ்டேஷனிலிருந்து லெண்டல் பாலத்தைக் கடந்தால் இடது கையில் மியூசியம் கார்டன்ஸ் பூங்கா. அதற்குள் செயின்ட் மேரி மடத்தின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. வட இங்கிலாந்தின் பணக்கார மடங்களில் ஒன்று அது. அரசர் எட்டாம் ஹென்றி மடங்களை எல்லாம் கலைத்தபோது, 1539-ல் இதுவும் மூடப்பட்டது. கல்லை மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். இன்று நீங்கள் பார்க்கப்போகும் ஒவ்வொரு கண்ணாடியும் எதிலிருந்து தப்பியது என்பதை இந்த வெறும் சன்னல் வளைவுகள் காட்டும்.

அங்கிருந்து பூதம் பார் வாசலுக்குப் போய்ப் படியேறுங்கள். அங்கிருந்து மங்க் பார் வரை மதில் மேல் நடந்தால், மின்ஸ்டரின் பின்பக்கம் முழுவதும் மரங்களுக்கு மேலே தெரியும். இருபது நிமிட நடை. காசு இல்லை. மின்ஸ்டர் எவ்வளவு பெரியது என்பது இங்கிருந்துதான் தெரியும், அடியில் நிற்கும்போது தெரியாது.

நடந்துகொண்டே கொஞ்சம் வரலாறு. இந்த ஊரை ரோமர்கள் கி.பி. 71-ல் படை முகாமாகத் தொடங்கினார்கள், எபோராக்கும் என்று பெயர். 306-ல் கான்ஸ்டன்டைனை அவர் படையினர் பேரரசர் என்று அறிவித்தது இங்கேதான். ரோமப் பேரரசில் கிறிஸ்தவத்துக்கு வழிவிட்டவர் அவர். மின்ஸ்டரின் தெற்கு வாசலுக்கு வெளியே அவர் சிலை உட்கார்ந்திருக்கும். பிறகு 627-ல் நார்தம்பிரிய அரசர் எட்வின் இங்கே ஞானஸ்நானம் பெற்றார். அதற்காக அவசரமாகக் கட்டிய சின்ன மரக் கோயில்தான் இந்தப் பேராலயத்தின் தொடக்கம். 1300 வாக்கில் நகரில் நாற்பதுக்கும் மேற்பட்ட பங்கு ஆலயங்கள் இருந்தன. கம்பளி வியாபாரத்தில் வந்த பணம் கல்லாகவும் கண்ணாடியாகவும் மாறியது. இன்று அந்தக் காலத்து ஆலயங்களில் ஏறக்குறைய இருபது மிஞ்சியிருக்கின்றன.

இங்கிலாந்தின் மற்ற ஊர்களில் உடைந்த கண்ணாடி இங்கே பிழைத்ததற்குக் காரணம் 1644-ல் நடந்தது. உள்நாட்டுப் போரில் அரசரை எதிர்த்த பாராளுமன்றப் படை யார்க்கை முற்றுகையிட்டுப் பிடித்தது. தேவாலயப் படங்களை விக்கிரகம் என்று அடித்து நொறுக்கிய காலம் அது. ஆனால் அந்தப் படையின் தளபதிகளில் ஒருவரான தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ் யார்க்‌ஷயர்க்காரர். நகரம் சரணடைந்தபோது போட்ட உடன்படிக்கையில் ஆலயங்களைச் சேதப்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது, அவர் அதைக் காப்பாற்றினார். எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை உண்டு.

எழுத்துக் கூட்டிப் படிக்க: ஹோலி டிரினிட்டி, குட்ரம்கேட்

மங்க் பாரில் இறங்கினால் அதுவே குட்ரம்கேட் தெரு. கடைகளுக்கு நடுவே ஒரு சின்ன வளைவு வாசல் வரும், வேகமாக நடந்தால் தவறவிட்டுவிடுவீர்கள். பக்கத்தில் இருக்கும் தாழ்ந்த வீட்டு வரிசையையும் கவனியுங்கள். லேடி ரோ என்று பெயர், 1316-ல் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் கட்டியது. அந்த வாடகையில் ஆலயத்தில் ஜெபம் சொல்லும் குருவுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இன்றும் அங்கே கடைகள் நடக்கின்றன.

வளைவைத் தாண்டினால் தெருச் சத்தம் சட்டென்று நின்றுவிடும். புல்வெளி, மரம், ஆலயம். உள்ளே தரை மேடுபள்ளமாக இருக்கும், பெரியவர்களைக் கூட்டிப் போனால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இருக்கைகள் எல்லாம் இடுப்புயர மரப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் கதவு உண்டு. குடும்பம் குடும்பமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார்கள். யார்க்கில் இப்படிப் பெட்டி இருக்கைகள் முழுசாகத் தங்கியிருப்பது இங்கே மட்டும்தான்.

1834 ஈஸ்டர் அன்று ஆன் லிஸ்டர், ஆன் வாக்கர் என்ற இரண்டு பெண்கள் இந்த ஆலயத்தில் சேர்ந்து நற்கருணை வாங்கினார்கள். தங்கள் மணவாழ்வை உறுதிசெய்துகொண்ட நாளாக இருவரும் அதைக் கருதினார்கள். வாசல் பக்கம் வானவில் விளிம்போடு ஒரு நினைவுப் பலகை அதைச் சொல்கிறது. அதைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் நிறைய.

இப்போது கிழக்குச் சன்னலுக்கு எதிரே ஒரு பெட்டியில் உட்காருங்கள். 1470-களின் தொடக்கத்தில் வைத்தது. இங்கேதான் நம் முதல் பாடம்.

ஒன்று, அடியில் பாருங்கள். பணம் கொடுத்தவர் அங்கே சின்னதாக முழங்காலிட்டுக் கைகூப்பி இருப்பார். இந்தச் சன்னலில் அவர் ஜான் வாக்கர், இந்த ஆலயத்தின் குருவானவர். நடுவில், பிதா தன் மகனின் உடலைத் தாங்கி நிற்கும் திரித்துவக் காட்சி. அதற்குக் கீழே அவர். இடைக்காலச் சன்னல்களில் உபயம் கொடுத்தவரின் இடம் பெரும்பாலும் இப்படி அடியில்தான். தனக்காக ஜெபிக்கும்படி பார்ப்பவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டு, கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எல்லாப் புனிதர்களுக்கும் ஒரே மாதிரி முகம்தான் இருக்கும், அடையாளம் கையில்தான். சாவி என்றால் பேதுரு. வாள் என்றால் பவுல். உடைந்த சக்கரம் என்றால் கேத்தரின். தோளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தால் கிறிஸ்டோபர். சிப்பி என்றால் யாக்கோபு. இரும்பு அடுப்புக் கம்பி என்றால் லாரன்ஸ். டிராகனை மிதித்துக்கொண்டு ஆண் நின்றால் ஜார்ஜ், பெண் நின்றால் மார்கரெட். இதைக் கைபேசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏழெட்டு அடையாளங்கள் போதும், இன்று பார்க்கப்போகும் பாதிப் புனிதர்களை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். குழந்தைகளோடு போனால் இதுவே நல்ல விளையாட்டு. இந்தச் சன்னலிலேயே ஜார்ஜும் கிறிஸ்டோபரும் இருக்கிறார்கள், தேடிப் பாருங்கள்.

மூன்று, கறுப்புக் கோடுகளைப் பாருங்கள். அது ஈயம். சிவப்பும் நீலமும் மேலே பூசிய நிறம் அல்ல, கண்ணாடியை உருக்கும்போதே சேர்த்த நிறம். அதனால் நிறம் மாறும் இடத்தில் எல்லாம் வேறு துண்டை வெட்டி, ஈயத்தால் கோக்க வேண்டும். முகத்தின் கோடுகளும் துணி மடிப்பும் மட்டும் தூரிகையால் தீட்டி, சூளையில் சுட்டவை. மஞ்சளுக்கு மட்டும் வேறு வழி. வெள்ளி கலந்த பூச்சைத் தடவிச் சுட்டால் வெள்ளைக் கண்ணாடி மஞ்சளாகிவிடும். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்த நுட்பம் அது. அதனால்தான் யார்க் கண்ணாடியில் ஒரே துண்டில் வெள்ளை முகமும் பொன்னிற முடியும் சேர்ந்து வருகின்றன, நடுவில் ஈயம் ஓடாமல்.

இந்த மூன்றும் கைவந்துவிட்டதா? சரி, மின்ஸ்டருக்குப் போகலாம். நடந்தால் ஐந்து நிமிடம்.

மின்ஸ்டரில் நான்கு சன்னல் போதும்

இப்போதைய கட்டடத்தை 1220 வாக்கில் தொடங்கி 1472-ல் முடித்தார்கள், இரண்டரை நூற்றாண்டு வேலை. நூற்றுக்கு மேல் சன்னல்கள். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். நான்கு மட்டும்.

காலை வெளிச்சம் இருக்கும்போதே கிழக்குக் கோடிக்குப் போய்விடுங்கள். பெரிய கிழக்குச் சன்னல் கிட்டத்தட்ட ஒரு டென்னிஸ் மைதானத்தின் அளவு. 311 கட்டங்கள். 1405-ல் கவென்ட்ரியைச் சேர்ந்த ஜான் தார்ன்டன் என்ற கண்ணாடிக் கலைஞரோடு ஒப்பந்தம் போட்டார்கள். மூன்று வருடத்தில் முடிக்க வேண்டும், முக்கியமான உருவங்களைத் தன் கையாலேயே தீட்ட வேண்டும். வாரத்துக்கு 4 ஷில்லிங், வருடத்துக்கு 5 பவுண்டு, கெடுவுக்குள் முடித்தால் மேற்கொண்டு 10 பவுண்டு. அன்று 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, மூன்று வருடத்துக்கும் கூட்டினால் ஏறக்குறைய 56 பவுண்டு வரும். 1408-ல் முடித்துக் கொடுத்தார். எனக்கு இந்தக் கணக்கு பிடிக்கும். ஒரு தொழிலாளி, ஒரு ஒப்பந்தம், ஒரு கெடு, அதன் விளைவு அறுநூறு வருடமாக நம் முன்னால் நிற்கிறது.

படிப்பது எப்படி? உச்சியில் கடவுள், கையில் திறந்த புத்தகம். 'நானே தொடக்கமும் முடிவும்' என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. அந்தத் தொடக்கம் மேல் மூன்று வரிசைகளில் இருக்கிறது: உலகம் படைத்ததிலிருந்து தாவீதின் மகன் அப்சலோம் மரத்தில் தொங்கிச் சாவது வரை. அதன் கீழே முடிவு: யோவானின் வெளிப்படுத்தல், 81 கட்டங்கள். பல தலை மிருகங்கள், எக்காளம் ஊதும் தேவதூதர்கள், எரியும் நகரங்கள். அடி வரிசையில் அரசர்களும் பேராயர்களும். குட்ரம்கேட்டில் கற்ற பாடத்தை இங்கே போட்டுப் பாருங்கள். அடி வரிசையின் நடுவில் முழங்காலிட்டிருப்பவர் வால்டர் ஸ்கெர்லா, டரம் நகரின் பிஷப். உபயம் அவருடையது. பைனாகுலரை அவரிடம் தொடங்கி மேலே கொண்டுபோகலாம், ஆனால் கதை மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக ஓடுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் கழற்றி, துண்டு துண்டாகச் சுத்தம் செய்து, மறுபடி பொருத்தி 2018-ல்தான் முடித்தார்கள்.

இரண்டாவது, சிலுவை வடிவக் கட்டடத்தின் வடக்குக் கையில் இருக்கும் 'ஐந்து சகோதரிகள்' என்ற சன்னல். பதின்மூன்றாம் நூற்றாண்டு. ஐந்து ஒல்லியான சன்னல்கள், ஒவ்வொன்றும் 16 மீட்டருக்கு மேல் உயரம். கதை கிடையாது, புனிதர் கிடையாது, சாம்பலும் பச்சையும் கலந்த இலைக் கோலம் மட்டும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகளில். முதலில் பார்க்கும்போது சப்பென்று இருக்கும். எதிரே உட்கார்ந்து பத்து நிமிடம் கொடுங்கள். முதல் உலகப் போரில் உயிர்விட்ட பெண்களின் நினைவாக இதை 1923 முதல் 1925 வரை சீர்செய்தார்கள். பக்கத்தில் இருக்கும் மரத் தட்டிகளைத் திறந்தால் 1,400-க்கும் மேற்பட்ட பெண்களின் பெயர்கள். தாதிகள், ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். அம்மா ரிட்டயர்டு நர்ஸ். இரண்டாம் முறை வந்தபோது அந்தத் தட்டியின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை.

மூன்றாவது, எதிர்ப்பக்கம் தெற்குக் கையில் உயரத்தில் இருக்கும் ரோஜாச் சன்னல். 1984 ஜூலை 9 அதிகாலை இந்தக் கூரை தீப்பிடித்து இடிந்து விழுந்தது, மின்னல் காரணமாக இருக்கலாம் என்றார்கள். சன்னல் பல்லாயிரம் விரிசல் விட்டது, ஆனால் விழவில்லை. அதற்குச் சில வருடங்கள் முன்னால்தான் ஈயத்தைப் புதிதாக மாற்றியிருந்தார்கள், அது தாங்கிப் பிடித்தது. புதுக் கூரையைப் பைனாகுலரில் பாருங்கள். கூரை வளைவுகள் கூடும் இடங்களில் இருக்கும் முடிச்சுக் குமிழ்களில் ஆறு, பிபிசியின் குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்று நடத்திய போட்டியில் பிள்ளைகள் வரைந்தவை. அதில் நிலவில் நடக்கும் மனிதனும் உண்டு.

நான்காவது, மேற்குச் சன்னல், 1338. மேல் பகுதியின் கல் வளைவுகள் இதய வடிவில் கூடுவதால் யார்க்‌ஷயரின் இதயம் என்பார்கள். இது வெளியே போகும்போது பார்த்தால் போதும்.

நேரம் இருந்தால் எண்கோண வடிவ சாப்டர் ஹவுஸ் மண்டபத்துக்குள் போங்கள், அவ்வளவு பெரிய கூரைக்கு நடுவில் தூணே இல்லை. கீழ்த்தளத்தில் ரோமர் முகாமின் சுவர்கள் இருக்கின்றன. 1967-ல் நடுக் கோபுரத்தின் அஸ்திவாரம் இறங்குவது தெரிந்து, அதைத் தாங்கத் தோண்டியபோது வெளிப்பட்டவை. கோபுரம் ஏற 275 படி. முழங்கால் வலி உள்ளவர்கள் விட்டுவிடலாம், காலையில் மதிலிலிருந்து பார்த்ததே நல்ல காட்சி.

வெளியே வந்ததும் பக்கத்தில் ஒட்டி நிற்பது செயின்ட் மைக்கேல் லி பெல்ஃப்ரி. பாராளுமன்றத்தை வெடி வைத்துத் தகர்க்க முயன்ற கை ஃபாக்ஸ் 1570-ல் ஞானஸ்நானம் பெற்ற ஆலயம்.

மதியம், ஆற்றை நோக்கி

சாப்பிட்டுவிட்டு ஷாம்பிள்ஸ் சந்து வழியாக இறங்குங்கள். மேல்மாடிகள் ஒன்றையொன்று தொடும் அந்தப் பழைய கசாப்புக்காரர் தெருவில், ஒரு வீட்டின் கீழறை மார்கரெட் கிளித்தரோவின் நினைவுச் சிற்றாலயம். கசாப்புக்காரரின் மனைவி. அப்போது தடைசெய்யப்பட்டிருந்த கத்தோலிக்கக் குருக்களை வீட்டில் ஒளித்து வைத்ததற்காகப் பிடித்தார்கள். விசாரணை நடந்தால் தன் பிள்ளைகளே சாட்சி சொல்ல வேண்டியிருக்கும் என்று வாயைத் திறக்க மறுத்தார். 1586 மார்ச் 25 அன்று பாரக் கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். 1970-ல் புனிதர் பட்டம் கிடைத்தது. ஒரு வேளாங்கண்ணிப் பயணம்போல இங்கே ஜெபிக்க வரும் கத்தோலிக்கர்களைப் பார்க்கலாம். சத்தமில்லாமல் உள்ளே போய்வாருங்கள்.

சந்து முடிந்தால் பேவ்மென்ட் தெரு, அங்கே ஆல் செயின்ட்ஸ் ஆலயம். கோபுர உச்சியில் எண்கோணக் கல் கூடு தெரியும். முன்பு ஊருக்கு வடக்கே கால்ட்ரஸ் என்று பெருங்காடு. இருட்டில் வருகிறவர்களுக்கு வழி தெரிய அந்தக் கூட்டில் விளக்கு எரித்தார்கள்.

கோனி தெருவில் செயின்ட் மார்ட்டின். 1942 ஏப்ரல் 29 இரவு ஜெர்மானிய விமானங்கள் வீசிய குண்டில் இந்த ஆலயம் எரிந்தது. 1437 காலத்து மார்ட்டின் சன்னலை அதற்கு முன்பே கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். 1968-ல் ஜார்ஜ் பேஸ் என்ற கட்டடக் கலைஞர் ஆலயத்தைத் திரும்பக் கட்டியபோது பழையபடி முழுசாகக் கட்டவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் ஆலயமாக்கி, மற்றதைத் திறந்த முற்றமாக விட்டு, பிழைத்த சன்னலுக்கென்று புது வடக்குச் சுவர் எழுப்பினார். எரிந்து சிவந்த கல் இன்னும் அங்கங்கே தெரியும். தன் மேலங்கியை வாளால் இரண்டாகக் கிழித்துப் பிச்சைக்காரருக்குக் கொடுத்தவர்தான் மார்ட்டின், அந்தக் கட்டத்தைத் தேடுங்கள்.

அப்புறம் ஊஸ் பாலத்தைக் கடந்து வலது பக்கம் திரும்பினால் நார்த் தெரு, இன்னொரு ஆல் செயின்ட்ஸ். யார்க்கில் ஒரே ஒரு ஆலயம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இங்கேதான் அனுப்புவேன், மின்ஸ்டருக்கு அல்ல.

வடக்கு ஓரத்தில் 'மனசாட்சியின் உறுத்தல்' சன்னல் இருக்கிறது. அந்தப் பெயரில் பதினான்காம் நூற்றாண்டில் வட இங்கிலாந்து வழக்கில் எழுதிய நீண்ட கவிதை ஒன்று உண்டு. அதில் வரும் உலகத்தின் கடைசிப் பதினைந்து நாட்களை 1410 வாக்கில் கண்ணாடியில் தீட்டினார்கள். இது மின்ஸ்டருக்கு நேர் எதிர். கீழே இடது மூலையில் தொடங்கி மேலே ஏற வேண்டும். முதல் நாள் கடல் மலைக்கு மேலே எழும்புகிறது. இரண்டாம் நாள் வற்றுகிறது. நான்காம் நாள் கடல் பிராணிகள் கரையேறிக் கத்துகின்றன. ஐந்தாம் நாள் கடலே எரிகிறது. பிறகு மரங்கள், கட்டடங்கள். மனிதர்கள் குழிகளுக்குள் ஒளிகிறார்கள், எலும்புகள் எழுந்து வருகின்றன, நட்சத்திரங்கள் உதிர்கின்றன. பதினைந்தாம் நாள் எல்லாம் தீ. ஒவ்வொரு கட்டத்தின் கீழும் அன்றைய ஆங்கிலத்தில் இரண்டு வரி. அடியில், வழக்கம்போல, உபயக்காரர்கள் முழங்காலிட்டு. இத்தனையும் நடக்கும்போது அவர்கள் ஜெபித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பயந்துபோய் அங்கேயே நின்றுவிடாமல் பக்கத்தில் இருக்கும் இன்னொரு சன்னலைப் பாருங்கள். ஆறு கட்டங்கள், ஆறிலும் தாடி வைத்த ஒரே மனிதர். பசித்தவருக்குச் சோறு, தாகித்தவருக்குத் தண்ணீர், வழிப்போக்கருக்கு இடம், துணியில்லாதவருக்கு உடை, நோயாளியைப் பார்க்கப் போவது, சிறையில் கால் கட்டையில் மாட்டியிருப்பவர்களுக்கு உதவி. மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு சொல்லும் ஆறு காரியங்கள். தேவதூதர்களோ அற்புதமோ இல்லை. யார்க்கின் வசதியான வியாபாரி ஒருவர் தன் தெருவில் செய்யக்கூடியவை மட்டும். அம்மா கேட்ட கேள்விக்கு நான் கடைசியில் பதில் சொன்னது இந்தச் சன்னலுக்கு முன்னால் நின்றுதான். ஒவ்வொரு கட்டமாக விரலால் காட்டினேன். ஐந்தாவதை நான் சொல்வதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

மாலை ஆராதனை

ஸ்டேஷன் இங்கிருந்து பத்து நிமிடம்தான், களைப்பாக இருந்தால் கிளம்பலாம். முடிந்தால் மின்ஸ்டருக்குத் திரும்புங்கள். வாரநாட்களில் பாடகர் குழுவோடு நடக்கும் மாலை ஆராதனை பெரும்பாலும் 5.30-க்கு. பள்ளி விடுமுறைகளில் மாறும், அன்றைய பட்டியலைப் பாருங்கள். கால் மணி நேரம் முன்னால் போய், வாசலில் ஆராதனைக்கு வந்திருக்கிறோம் என்று சொன்னால் உள்ளே விடுவார்கள். பாடகர் குழு உட்காரும் செதுக்கு மர இருக்கைகளிலேயே இடம் கிடைக்கும். உள்ளே போகும் வழியில் கல் திரையில் முதலாம் வில்லியம் தொடங்கி ஆறாம் ஹென்றி வரை பதினைந்து அரசர்கள் நிற்பார்கள்.

முக்கால் மணி நேரம். நீங்கள் பாட வேண்டியது ஏறக்குறைய எதுவும் இல்லை, எல்லோரும் எழும்போது எழுங்கள், உட்காரும்போது உட்காருங்கள். நம் ஊரில் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவர்களுக்கு வரிசை தெரிந்ததாகவே இருக்கும்: பாவ அறிக்கை, சங்கீதம், மரியாளின் பாடல், சிமியோனின் பாடல், விசுவாசப் பிரமாணம். 1947-ல் அந்தத் திருச்சபை உருவானபோது மின்ஸ்டரின் ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த சபைகளும் அதில் சேர்ந்தன, அந்த ஜெப முறையின் வேர் இங்கே இருக்கிறது. மற்றவர்கள் கண்ணை மூடிக் குரல்களைக் கேட்டாலே போதும், உயரமான கூரை ஒவ்வொரு சுரத்தையும் சில நொடி பிடித்து வைத்துக்கொள்ளும்.

குளிர்காலத்தில் ஆராதனை தொடங்கும்போதே வெளியே இருட்டியிருக்கும். உள்ளிருந்து பார்த்தால் சன்னல்கள் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும், பைனாகுலரைப் பையில் வைத்துவிடலாம்.